இருபத்துமூன்றாம் எண்ணும் பொதி புதுப்பித்த பெரும்போரும்

மின்விசை என்னும் பேரணங்கே! ஒளிவிளக்கின் உயிரே, மாவரைக்கும் எந்திரத்தின் மூச்சே, ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனைக்கு எதிர்ச்சந்தில் மூன்றாம் கம்பத்திலிருந்து இறங்கி வரும் அருளே! இக்காவியத்தைத் தட்டச்சிட்டு முடிக்கும் வரையேனும் எம்மைக் கைவிடாதிருப்பாயாக. அப்பெருநாளில் நீ கைவிட்டிருந்தால், தோல்விக்கு உன்னைக் காரணம் காட்டித் தப்பித்திருக்கலாம். நீயோ காலை முதல் மாலை வரை கண்ணிமைக்காமல் உடன் நின்றாய். ஆகவே வீழ்ந்தது முழுவதும் நம் நாயகனின் சொந்த முயற்சியால் மட்டுமே என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

வாழ்க நாயகன்! வினைல் சுருள் பல வென்ற வித்தகன், நம்பர் பிளேட்டு முதல் ‘நாய்கள் ஜாக்கிரதை’ வரை ஊருக்கு எழுத்து ஈந்த வள்ளல், ஐம்பத்தோராம் அகவையில் தன்னந்தனியாகக் கட்டளைவரி கற்றுக் கருந்திரையில் வெண்ணெழுத்து விதைத்த கல்விக்கடல், காசுக்கு விற்கும் மென்பொருளைக் கனவிலும் தீண்டாத கட்டற்ற மென்பொருட் காவலன், சம்பத் எனும் திருப்பெயர் தாங்கியோன் வாழ்க! அவன் வேறெவனும் அல்லன், இவ்வரிகளை எழுதும் அடியேனே என்பதைத் தன்னடக்கம் வாய்பொத்தித் தடுத்தும் சொல்லாதிருக்க இயலவில்லை. எனினும் காவியத்தில் ‘நான்’ என்று எழுதினால் கம்பீரம் குன்றும் என்பதால், இனி அவனை அவன் என்றே அழைப்போம்.

போரூரினின்று புறப்பட்டுக் காட்டுப்பாக்கம் கடந்து பூந்தமல்லி நோக்கி விரையும் பெருஞ்சாலையில், மதங்கொண்ட களிறுகளெனப் பேருந்துகள் பிளிறிப் பணிமனைக்குள் புகுவதும், புகுந்த வேகத்தில் வேறொரு தடத்து எண் தாங்கி வெளிவருவதும் நாடோறும் நிகழும் அற்புதம். அப்பணிமனையின் எதிர்ச்சந்தில், ஒரு கதவு திறந்தால் மறுகதவு மூடவேண்டிய அகலத்தில் அமைந்ததே நம் நாயகனின் கோட்டை. மாந்தர் அதை ஸ்டிக்கர் கடை என்பர். அக்கோட்டையில் ஆயுதம் இரண்டு. ஒன்று, எட்டாண்டு அகவையுடைய கணினி. மற்றொன்று, வண்ண வினைல் தாளை உள்ளிழுத்து, கணினி வரைந்தனுப்பும் வடிவத்தை ஊசிமுனைக் கத்தியால் அறுத்துத் தரும் பிளாட்டர் என்னும் வெட்டுப்பொறி. கணினி மூளை, பிளாட்டர் கை. மூளைக்கும் கைக்கும் இடையே செய்தி சுமக்கும் சிறு மென்பொருள் ஒன்றும் உண்டு. அதனை இக்காவியத்தில் வெட்டுத்தூதன் என்போம். அவனை அதுவரை யாரும் நினைத்ததில்லை. நல்ல தூதர்களின் தலைவிதி அது.

அன்று ஆயுத பூசை. அந்நாளில் ஐயப்பன்தாங்கலில் துலக்கப்படாத இரும்பு இல்லை, சந்தனம் பெறாத சக்கரம் இல்லை. கருவிகள் யாவும் கழுவப்பட்டு, துடைக்கப்பட்டு, பொட்டிடப்பட்டு, பொரிகடலையின் முன் ஓய்வுகொள்ளும். பூசை முடிந்தபின் மறுநாள் காலை வரை எவரும் அவற்றைத் தொடார். தொட்டால் கருவி கோபிக்கும் என்பது சந்தின் சட்டம். பக்கத்துக் கடையின் இருசக்கர மருத்துவர், மெக்கானிக் ஷவுகத் அலி, பூசை செய்பவர் அல்லர். ஆயினும் சந்து முழுவதும் துலக்கும் நாளில் தாம் மட்டும் கிரீசோடு நிற்பது அழகன்று என்று, ஆண்டுதோறும் தம் ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் நீராட்டி, பழைய லுங்கித் துண்டால் துவட்டி, உயர வரிசைப்படி அடுக்கிவைப்பார். அன்றும் அடுக்கினார். அவை வெள்ளிக் கோல்களென மின்னின. அதைக் கண்ட நம் நாயகனின் உள்ளத்தில் ஓர் ஏக்கம் முளைவிட்டது.

அவ்வேளையில் வந்தாள் பானுப்பிரியா.

அவள் வந்தது நடந்தன்று. தன் சொந்த ஆட்டோவில். கழற்றப்படாத பாலிதீன் இருக்கையை இன்னும் போர்த்தியிருக்க, மஞ்சளின் புதுமை கண்ணைக் கூச, மூன்று சக்கரங்களும் எலுமிச்சம்பழம் நசுக்கக் காத்திருக்க, வாசலில் வந்து நின்றது அந்த ரதம். ஆயத்த ஆடைக் கம்பெனியில் ஏழாண்டு உழைத்து, ஓட்டுநர் உரிமம் பெற்று, பதிவுப் புத்தகத்தை முந்தைய நாள் கையில் வாங்கிய அவளுக்கு, பணிமனை வாசல் ஆட்டோ நிறுத்தத்தில் அன்று காலைதான் இடம் உறுதியாகியிருந்தது. எண் இருபத்துமூன்று.

இங்கே அந்நிறுத்தத்தின் எழுதாச் சட்டத்தை எடுத்துரைத்தல் கடமை. ஆயுத பூசையன்று மாலை ஐந்து மணிக்கு ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும். தலைவர் பாண்டியன் பூசணிக்காயை உடைப்பார். அது உடையும் கணத்தில், நிறுத்தத்தின் பெயரும் எண்ணும் பொறித்த ஸ்டிக்கரை முகப்பில் தாங்கி எவ்வண்டி வரிசையில் நிற்கிறதோ அவ்வண்டிக்கே அவ்வாண்டு முழுவதும் அங்கே சவாரி எடுக்கும் உரிமை. நில்லாத வண்டி அடுத்த ஆயுத பூசை வரை தெருத்தெருவாய் அலைந்து சவாரி தேட வேண்டியதே. ஸ்டிக்கர் எல்லா வண்டிக்கும் ஒரே அச்சில் இருக்க வேண்டும். அந்த அச்சின் மூலவடிவமோ, வையகத்தில் வேறெங்குமில்லாமல், சம்பத்தின் கணினியில் மட்டுமே உறைந்தது.

“அண்ணாத்தே, இருபத்திமூணு. சொம்மா ரெண்டு நிமிஷ வேலைன்னாரு தலிவரு. கையால எழ்தினா ஒத்துக்க மாட்டாராம். அஞ்சுக்குள்ள ஒட்டிகினு நிக்கணும்” என்றாள் பானுப்பிரியா.

அப்போது மணி பதினொன்றரை. அன்று காலையில்தான் இருபத்திரண்டாம் எண்ணை அவன் வெட்டி அனுப்பியிருந்தான். அக்கோப்பைத் திறந்து, ஓர் இலக்கத்தை மாற்றி, ஒரு பொத்தானை அழுத்தினால் காரியம் முடியும். உலகில் எத்தனையோ பேரரசுகள் செய்யவேண்டிய சிறுவேலையைச் செய்யாமல் செய்யவேண்டாத பெருவேலையில் இறங்கி அழிந்துள்ளன. நம் நாயகன் அப்பேரரசுகளின் வழியே நடந்தான்.

அவன் மீண்டும் ஷவுகத் அலியின் ஸ்பேனர்களைப் பார்த்தான். பின் தன் கணினியைப் பார்த்தான். அதன் மேனியை ஈரத்துணியால் துடைத்தாயிற்று. விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டி, எட்டாண்டு முறுக்கின் துகள்களை விடுவித்தாயிற்று. ஆனால் அகம்? புறத்தூய்மை நீரால் அமையும். கணினியின் அகத்தூய்மையோ புதுப்பித்தலால் அன்றோ அமையும்! பழைய பதிப்புகளை நீக்கி, புதிய பதிப்புகளை ஏற்றி, தேவையற்றவை என்று எந்திரமே சுட்டுவனவற்றைப் பெருக்கித் தள்ளினால், அதுவல்லவோ ஆயுதத்துக்குச் செய்யும் மெய்யான அபிடேகம்! இவ்வாறு எண்ணிய கணத்தில், ஆண்டாண்டு காலமாய் ஆயுத பூசை கொண்டாடிய முன்னோர் எவருக்கும் தோன்றாத மேன்மை தனக்குத் தோன்றியதாக அவன் பூரித்தான். முன்னோர்க்குத் தோன்றாதவை சிலவற்றுக்குத் தக்க காரணம் இருக்கலாம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

“தூய்மை செய்யப்பட்ட கணினியில் முதன்முதல் வெட்டப்படும் எண் உன்னுடையதாகவே இருக்கும்!” என்று முழங்கினான்.

“அத்த முடிச்சிட்டு அப்பால தொடச்சிக்கோயேன் அண்ணாத்தே” என்றாள் அவள்.

இக்காவியத்தில் இடம்பெறும் அறிவுரைகளுள் இதுவே சிறந்தது. அது செவிமடுக்கப்படவில்லை.

கருந்திரை விரிந்தது. கட்டளை பாய்ந்தது. எந்திரம் வானத்து வலையமைப்பினின்று புதுப்பொதிகளின் பட்டியலைக் கொணர்ந்தது. பொதி என்பது யாதெனில், ஒரு மென்பொருளை மூட்டையாகக் கட்டிவைத்தது. ஆனால் பொதி தனித்து வாழாது. ஒன்று மற்றொன்றைச் சார்ந்தே வாழும். கலியாணத்துக்கு ஒருவரை அழைப்பதை ஒக்கும் அது. மாமனை அழைத்தால் மாமன் மகள் வந்தாக வேண்டும். மகள் வந்தால் அவள் கணவன் வந்தாக வேண்டும். அக்கணவனோ, பந்தியில் தனக்கு ஆகாத பங்காளி அமர்ந்திருந்தால் இலையில் கைவைக்க மாட்டான். சம்பத்தின் கணினியில் அத்தகைய ஆகாத பங்காளிகள் இருவர் உளர். ஒருவன், படம் வரையும் பெருமென்பொருள். அவனை வரைவேந்தன் என்போம். மற்றவன் முன்னர்க் கூறிய வெட்டுத்தூதன். இருவரையும் அதுவரை ஒரே பந்தியில் வைத்திருந்தது எழுத்துமாலை என்னும் நடுப்பொதி. அவள் இரண்டாம் பதிப்பில் இருந்த வரை இருவருக்கும் உறவு இனித்தது. அன்று வந்து சேர்ந்த புதிய வரைவேந்தனோ, எழுத்துமாலை மூன்றாம் பதிப்பாக மாறினாலொழிய அடியெடுத்து வையேன் என்றான். வெட்டுத்தூதனோ, இரண்டாம் பதிப்பன்றி எதையும் ஏறெடுத்தும் பாரேன் என்றான்.

இவ்விக்கட்டை எந்திரம் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் மன்னிக்கலாம். ‘கீழ்க்காணும் பொதிகள் நீக்கப்படும்’ என்று தலைப்பிட்டு, நாற்பத்தொரு பெயர்களை அணிவகுத்து நிறுத்தி, ‘தொடரலாமா? ஆமெனில் ஒய், அன்றெனில் என்’ என்று பணிவோடு வினவிற்று. முப்பத்துமூன்றாவது பெயர் வெட்டுத்தூதன். மனிதகுலம் படிக்காமலேயே ஒப்பமிட்ட இலக்கியங்களுள் தலையாயது இப்பட்டியல். சிவன்கோயில் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் நாயகன் அப்பட்டியலை ஒருமுறை கண்ணால் ஒற்றி, “துணிந்தோம்!” என்று முழங்கி, ஒய் என்னும் எழுத்தை ஒரு விரலால் அழுத்தினான்.

அத்தோடு நின்றானா? அகத்தூய்மையின் இரண்டாம் படியாக, பழம்பொதிகள் சேமிக்கப்பட்டிருந்த கிடங்கையும் ஒரே கட்டளையில் கழுவித் துடைத்தான். பழையன கழிந்தன. திரும்பி வரும் வழியும் அவற்றோடு கழிந்தது.

மணி பன்னிரண்டே காலுக்குப் புதிய வரைவேந்தன் அரியணை ஏறினான். என்ன அழகு! என்ன ஒளி! சின்னங்கள் உருண்டு திரண்டிருந்தன, பட்டைகள் பளபளத்தன, பழைய இடத்தில் இருந்த எப்பொத்தானும் பழைய இடத்தில் இல்லை. நாயகன் கோப்பைத் திறந்து, இரண்டை மூன்றாக்கி, ‘வெட்டுக’ என்னும் கட்டளை முன்பு வாழ்ந்த மூலைக்குச் சுட்டியைச் செலுத்தினான். மூலை வெறுமையாயிருந்தது. தூதன் போய்ச் சேர்ந்துவிட்டான். மூளையில் எண் இருபத்துமூன்று முழுமையாய் ஒளிர, அதைக் கையிடம் சொல்ல ஆளில்லை.

தொடங்கிற்று பெரும்போர். தூதனை மீண்டும் அழைத்தான். ‘எழுத்துமாலை இரண்டு வேண்டும், ஆனால் மூன்று உள்ளது, ஆகவே வாரேன்’ என்றான் தூதன். எழுத்துமாலையை இரண்டுக்கு இறக்க முயன்றான். ‘என்னை இறக்கினால் வரைவேந்தனும் அவன் சுற்றமும் வெளியேறும்’ என்றாள் அவள். சரி, வரைவேந்தனையும் பழைய பதிப்புக்கே திருப்புவோம் என்று கிடங்கைத் திறந்தான். கழுவித் துடைத்த கிடங்கு கண்ணாடிபோல் மின்னியது. ஷவுகத் அலியின் ஸ்பேனரும் அவ்வளவு மின்னவில்லை. ஒரு வாயிலை அடைத்தால் மறுவாயில் திறந்தது. ஒரு தலையை வெட்டினால், ‘நிறைவுறாச் சார்புகள்’ என்று கூவிக்கொண்டு ஒன்பது தலைகள் முளைத்தன. அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் நுழையவாவது வழி அறிந்திருந்தான். நம் நாயகனோ வியூகத்தைத் தானே வகுத்து, தானே உள்ளே நின்று, தானே வெளியிலிருந்து பூட்டிக்கொண்டான்.

இரண்டு மணிக்கு பானுப்பிரியா ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு காட்டுப்பாக்கம் வரை போனாள். மூன்றரைக்குத் திரும்பி வந்தாள். சாலையெங்கும் இருந்த ஸ்டிக்கர் கடைகள் நண்பகலிலேயே பூசையை முடித்திருந்தன. பிளாட்டர்கள் யாவும் மாலையும் கழுத்துமாய்க் கண்மூடியிருந்தன. வேறு அச்சில் எழுதித்தரச் சொல்லியும், மறுநாள் காலைக்கு முன் கத்தியைத் தொட மாட்டோம் என்று எல்லோரும் ஒரே சொல்லாய்ச் சொல்லிவிட்டார்கள்.

அவள் வந்து நின்ற வேளையில் நாயகன் இறுதி அத்திரத்தைத் தொடுத்துக்கொண்டிருந்தான். வலையமைப்பின் ஏதோ ஒரு மூலையில், முகந்தெரியா ஒரு புண்ணியவான் என்றோ ஏற்றிவைத்த எழுத்துமாலை இரண்டாம் பதிப்பு அவனுக்குக் கிட்டியிருந்தது. ‘சார்புகளைப் பொருட்படுத்தாது வலிந்து நிறுவுக’ என்னும் கட்டளை, எல்லா வழியும் அடைபட்டோர்க்கே உரியது. அதனைப் பயன்படுத்துவோர் விளைவைத் தாமே ஏற்க வேண்டும் என்று அடியில் எச்சரிக்கையும் உண்டு. அவ்வெச்சரிக்கையையும் அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வலிந்தான். நிறுவினான். கணினியை அணைத்துத் திறந்தான்.

திரை இருண்டது. வரைவேந்தன் மட்டுமல்லன், திரையில் சன்னல்களைத் திறக்கும் பொதியும் காலையிலேயே எழுத்துமாலை மூன்றைக் கைப்பிடித்திருந்தது. அவள் இரண்டாகிவிட்டதை அறிந்து அதுவும் உயிர் துறந்தது. அகன்ற கருமையின் இடது மேல்மூலையில் ஒரு சிறு வெண்கோடு மட்டும் கண்சிமிட்டிற்று. அது உயிரா, உயிர் பிரியும் துடிப்பா என்று சொல்வாரில்லை.

ஷவுகத் அலி தேநீர்க் குவளையோடு எட்டிப் பார்த்தார்.

“இன்னா மாமே, பொட்டி மூஞ்சி கறுத்துகினு கீது?”

நாயகன் சார்புநிலைகளின் தத்துவத்தை, பொதிப் பதிப்புகளின் முரணை, பங்காளிப் பகையை, விரிவாகவும் முறையாகவும் எடுத்தியம்பினான். அவர் ஒரு வாய் தேநீர் குடித்தார்.

“நானும் காலைலேந்து தொடச்சேன். ஸ்பேனர் ஸ்பேனராத்தான் கீது. நீ தொடச்ச தொடப்புல பொட்டியே பூட்ச்சா?”



மணி நான்கு. பணிமனை வாசலிலிருந்து மேளச் சத்தம் கேட்கத் தொடங்கிற்று. பானுப்பிரியாவின் கைப்பேசி ஒலித்தது. தலைவர் பாண்டியனின் குரல் சந்து முழுவதும் கேட்டது. “இன்னாம்மா பானு, இருபத்திரெண்டு வண்டியும் நிக்கிது. ஒனக்கோசரம் பூசணிக்கா வெயிட் பண்ணாது, சொல்ட்டேன்.”

அவள் பேசியை அணைத்தாள். கோபத்தில் கத்துவாள் என்று நாயகன் எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பான்.

“ஏழு வருசம் கம்பெனி பஸ்ஸுல போனேன் அண்ணாத்தே” என்றாள் மெதுவாக. “அது எங்க நிக்கிதோ அங்கதான் எறங்கணும், எப்ப கௌம்புதோ அப்பதான் ஏறணும். இந்தவாட்டி நான் எங்க நிக்கணும்னு நானே சொல்லலாம்னு நென்ச்சேன். அதுக்கு ஒரு நம்பரு கேட்டேன். நம்பரு மட்டும்தான் கேட்டேன்.”

நாற்பத்தொரு பொதிகள் தைக்காத இடத்தில் அச்சொல் தைத்தது. நாயகன் நாற்காலியை விட்டெழுந்தான். விசைப்பலகையை அப்பால் தள்ளினான். அந்நாளில் அவன் செய்த முதல் அறிவார்ந்த செயல் அதுவே. அதன்பின் என்ன செய்வதென்று அறியாமல் நின்றதால், அதுவே இறுதியும் ஆயிற்று.

அப்போது ஷவுகத் அலி, குவளையைக் கீழே வைக்க இடந்தேடி, பிளாட்டரின் மேல் வைக்கப்போனவர், அதன் பக்கவாட்டில் இருந்த சிறு பொத்தானைக் கண்டார். எட்டாண்டுகளாக அங்கே இருந்தும், மூளையின் மேன்மையில் மூழ்கியிருந்த நாயகனின் விரல் ஒருநாளும் அதைத் தீண்டியதில்லை.

“இது இன்னாத்துக்கு?”

“அது… கடைசியாக வெட்டியதையே மீண்டும் வெட்டும்” என்றான் நாயகன். சொல்லி முடித்த பின்னரே தான் சொன்னது அவன் செவிக்கு எட்டியது.

கணினி மாண்டிருக்கலாம், கை மாளவில்லை. காலையில் வெட்டிய கடைசி வடிவத்தைக் கை நினைவில் வைத்திருந்தது. அவன் அழுத்தினான். தூதனும் இன்றி, வேந்தனும் இன்றி, எழுத்துமாலையின் எப்பதிப்பும் இன்றி, பிளாட்டர் சரசரவென்று தாளை உள்ளிழுத்தது, கத்தி இறங்கியது, பணிமனை வாசல் ஆட்டோ நிறுத்தம் என்னும் பெயர் எழுத்தெழுத்தாய் அறுபட்டு வெளிவந்தது. நாற்பத்தொரு பொதிகளும் மூன்றரை மணிநேரப் போரும் செய்யாததை ஒரு பொத்தான் ஒரு நிமிடத்தில் செய்து முடித்தது. அதன் கீழே ஒளிர்ந்தது எண்.

எண் இருபத்திரண்டு.

மூவரும் அதை நோக்கினர். முதல் இரண்டு சரி. இரண்டாம் இரண்டு தவறு. அடுத்த பொத்தான் ஏதும் இல்லை.

“கட்டர் எங்க?” என்றாள் பானுப்பிரியா.

“என்ன செய்யப் போகிறாய்?”

“கட்டிங் செக்சன்ல இருந்தேன் நானு. காலரு, கையி, பாக்கெட்டு, எல்லாம் இந்தக் கைதான். ஒரு மூணு வெட்ட மாட்டேனா?”

இனி நிகழ்ந்ததைப் பாட நாவு ஆயிரம் வேண்டும். ஆனால் நிகழ்ந்ததில் நாயகனின் பங்கு, செந்நிற வினைலின் ஒரு மூலையைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்ததே. அவள் இரண்டாம் இரண்டை நகத்தால் உரித்தெடுத்தாள். அதையே அளவுக்கு வைத்து, பிளாட்டரின் ஊசிமுனைக்குப் போட்டியாகக் கத்தியை நடத்தினாள். மேல்வளைவு மூச்சுவிடாமல் திரும்பியது, கீழ்வளைவு மூச்சுவிட்டுத் திரும்பியது. “பெருவிரல எடு அண்ணாத்தே, ஒன் வெரலையும் சேத்து வெட்டிருவேன்” என்றாள் நடுவில். ஷவுகத் அலி தம் துலக்கிய ஸ்பேனர்களுள் அகலமானதொன்றைக் கொணர்ந்து, ஸ்டிக்கரை வண்டியின் முகப்புக் கண்ணாடியில் ஒட்டும்போது காற்றுக்குமிழ் தங்காமல் தேய்த்துக் கொடுத்தார். ஆயுதங்களின் திருநாளில் ஓர் ஆயுதம் ஓய்வை விட்டெழுந்து உழைத்தது. அது கோபித்ததாகத் தெரியவில்லை.

நான்கு ஐம்பத்தைந்துக்கு மஞ்சள் ரதம் சந்தினின்று பாய்ந்தது. பின்னிருக்கையில் பாலிதீன் சலசலக்க நாயகனும் ஷவுகத் அலியும். பணிமனை வாசலில் இருபத்திரண்டு ஆட்டோக்கள் வாழைக்கன்று கட்டி, தோரணம் அணிந்து, போருக்குச் செல்லும் தேர்ப்படையென நின்றன. மேளம் உச்சத்தை எட்டியது. பூசணிக்காயின் மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. வரிசையின் கடைசியில், கற்பூரப் புகைக்குள், இருபத்துமூன்றாவதாகச் சென்று நின்றது அவள் வண்டி.

தலைவர் பாண்டியன் பூசணிக்காயை ஒரு கையில் தாங்கியபடி, ஒவ்வொரு முகப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி வண்டியின் முன் நின்றார். குனிந்தார். கண்ணாடியை இறக்கி மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டார்.

“இன்னாம்மா இது, மூணு சாஞ்சிகினு கீது?”

நாயகனின் நெஞ்சில் அந்தச் சிறு வெண்கோடு மீண்டும் கண்சிமிட்டிற்று. அச்சு ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அச்சைக் கொன்றவன் அவன். வாய்திறந்து உண்மையை உரைக்க அவன் முன்னடி வைத்தான்.

“வண்டி நேரா ஓடும் தலிவரே” என்றாள் பானுப்பிரியா. “நம்பரு கொஞ்சம் ரெஸ்ட் எட்த்துக்கட்டும். இன்னிக்கி எல்லாத்துக்கும் ரெஸ்ட்டுதான?”

வரிசையில் எவரோ சிரித்தார். இருபத்திரண்டாம் எண்ணின் ஓட்டுநர் ஹாரனை அடித்தார். தலைவர் அந்த மூன்றை இன்னும் ஒருமுறை பார்த்தார். பின் பார்க்காததுபோல் நிமிர்ந்தார். பூசணிக்காயைத் தலைக்குமேல் உயர்த்தினார்.

உடைந்தது பூசணிக்காய்! சிதறியது குங்குமம்! எண்டிசையும் ஹாரன் ஒலித்தது. பணிமனைக்குள் நின்ற பேருந்துகளும் உடன் பிளிறின. தேங்காய் நீர் தெறித்தது. அறுபத்தொன்பது சக்கரமும் அறுபத்தொன்பது எலுமிச்சையை ஒரே கணத்தில் நசுக்கின. நாயகன் தன் கோட்டைக்கு மீண்டான். மாண்ட கணினிக்குச் சந்தனம் இட்டான், குங்குமம் வைத்தான், மாலை சாத்தினான். போரில் வீழ்ந்த மாவீரர்க்கு உரிய மரியாதைகளும் ஆயுத பூசையில் ஆயுதத்துக்கு உரிய மரியாதைகளும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், எதைச் செய்கிறோம் என்று அவன் தனியே முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. பொரிகடலை படைத்தான். கற்பூரம் காட்டினான். வாழ்க கட்டற்ற மென்பொருள், வாழ்க சார்புகளின் பெருஞ்சங்கிலி, வாழ்க படிக்கப்படாத பட்டியல்கள், ஊழி ஊழி வாழ்க என்று வாழ்த்தி, கருவியைத் தொடலாகாத இரவு வந்துவிட்டதே என்று வருந்துவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, அளவிலா நிம்மதியோடு கதவைச் சாத்தினான்.

மறுநாள் காலை பானுப்பிரியாவின் முதல் சவாரியாக, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆவடியில் உள்ள ரிப்பேர் கடைக்குப் போனேன்.